மூணு மாச சுகர் டெஸ்ட்டும் ஒரு மெல்லிய பூச்சும்

"மூணு மாச சுகர் டெஸ்ட்" எடுத்தீங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்காம எந்த சர்க்கரை நோய் ஓபியும் முடியறதில்ல. ஹெச்பிஏ1சி தான் அது. ரிப்போர்ட்ல 7.2ன்னு ஒரு நம்பர் வரும். இல்ல 9.4. இல்ல 12. அந்த ஒரு நம்பரை வெச்சு நாங்க மாத்திரையைக் கூட்டறோம், குறைக்கறோம், "அம்மா, இனிமே ஊசி தான்"னு சொல்றோம். 2023ல வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள் இருக்காங்கன்னு கணக்குச் சொன்னது. அத்தனை பேர் சிகிச்சையும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நம்பரைத் தொட்டுத்தான் போகுது.

சரி, இந்த நம்பர் எங்கிருந்து வருது?

நல்ல ஆய்வகமா இருந்தா, பெரும்பாலும் விரல் நீளம் கூட இல்லாத ஒரு எஃகுக் குழாயிலிருந்து. குழாய்க்குள்ள மாவை விட நைசான தூள் அடைச்சிருக்கும். அந்தத் தூளோட மேற்பரப்பு தான் உங்க ரத்தத்தைப் பிரிச்சுப் பார்க்குது. அந்த மேற்பரப்பை உருவாக்க மனுஷன் பட்ட பாட்டைத்தான் இந்த இழையில சொல்லப்போறேன். கதையில் ஒரு ரஷ்யத் தாவரவியல்காரர், கம்பளி ஆராய்ச்சி பண்ண ரெண்டு பேர், தெஹ்ரானில் ஒரு டாக்டர், ஹங்கேரியிலிருந்து வெளியேறிய ஒரு இன்ஜினியர், கடைசியில் நம்ம நீலகிரி எல்லாம் வருது. நீளமான இழை. டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மிகைல் ஸ்வெட். 1872ல இத்தாலியில் பிறந்தவர். அப்பா ரஷ்யர், அம்மா இத்தாலியர். பிறந்த கொஞ்ச நாளில் அம்மா இறந்துட்டார். சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, ஜெனீவாவில் டாக்டர் பட்டம் வாங்கி, பிழைப்புக்கு வார்சா வந்தவர். அவருக்கு இருந்த சந்தேகம் ரொம்ப எளிமையானது: இலையோட பச்சை ஒரே பொருளா, பல பொருளா?

இலையைச் சாறெடுத்தார். ஒரு கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூள் (கால்சியம் கார்பனேட்) அடைச்சார். மேலே சாற்றை ஊத்தி, அதுக்கு மேல பெட்ரோலியம் ஈதரை ஊத்திக்கிட்டே வந்தார். பச்சைச் சாறு குழாயில் இறங்க இறங்க மஞ்சள், பச்சை, நீலப்பச்சைன்னு வளையம் வளையமா பிரிஞ்சு நின்னுச்சு. 1903 மார்ச்சில் வார்சாவில் இதைப் பத்தி உரையாற்றினார். 1906ல குரோமட்டோகிராஃபின்னு பேர் வெச்சார். கிரேக்கத்தில் நிற எழுத்து. ரஷ்ய மொழியில் ஸ்வெட் என்றாலும் நிறம் தான்! தன் பேரையே நைசா நுழைச்சாரா, தற்செயலான்னு இன்னைக்கும் வேதியியல்காரங்க சிரிச்சுக்கிட்டே பேசிக்கறாங்க. நம்ம பாடப்புத்தகத்தில் இதைத்தான் வண்ணப்பிரிகைன்னு படிச்சிருப்பீங்க.

இது எப்படி வேலை செய்யுது? தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள்ள ஒரே நேரத்தில் நூறு பேர் நுழையறாங்கன்னு வெச்சுக்கங்க. மாம்பலம் ஸ்டேஷன்ல ரயிலைப் பிடிக்கணும்னு போறவர் எந்தக் கடையையும் பார்க்காம மறுமுனைக்கு முதல்ல வந்துடுவார். பாத்திரக்கடை, புடவைக்கடைன்னு நின்னு நின்னு வர்றவங்க கடைசியில வருவாங்க. தெரு நகராது, கூட்டம் நகரும். யாருக்கு எந்தக் கடை மேல எவ்வளவு ஈர்ப்புன்னு பொறுத்து கூட்டம் தானாப் பிரியும்.

குழாய்க்குள் அடைச்ச தூள் தான் தெருவும் கடைகளும். அதை நகராத கட்டம்னு சொல்லலாம். மேலே ஊத்தற திரவம் நகரும் கட்டம். இந்தத் துறையோட 120 வருஷ வரலாற்றில் பெரும்பகுதி "கடையை எப்படிப் போடறது" என்கிற ஒரே கேள்வி தான்.

ஸ்வெட்டை அன்னைக்கு யாரும் பெருசா மதிக்கல. முதல் உலகப் போர் வந்து வார்சாவை விட்டு ஓட வேண்டியதாச்சு. 1919ல வரோனேஷ் நகரில் 47 வயசில் இறந்துபோனார். அவர் முறையை உலகம் திரும்பக் கையில் எடுத்தது 1931க்கு அப்புறம் தான்.

அடுத்த திருப்பம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில். கம்பளித் தொழில் ஆராய்ச்சி நிலையம். ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சின்ஞ். ஆட்டு ரோமத்தில் என்னென்ன அமினோ அமிலம் எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிக்கணும், அதான் வேலை. ஒண்ணுக்கொண்ணு அண்ணன் தம்பி மாதிரி இருக்கற பொருட்கள், பிரிக்கவே முடியல. அவங்க செஞ்சது என்னன்னா, சிலிக்கா ஜெல் தூளில் தண்ணியை ஊற வெச்சாங்க. புது ஷூ பெட்டிக்குள்ள "சாப்பிடாதீங்க"ன்னு போட்டு ஒரு குட்டிப் பொட்டலம் வருமே, அதே சிலிக்கா ஜெல் தான். தூள் வெறும் எலும்புக்கூடு. அது மேல ஒட்டியிருக்கற தண்ணிப் படலம் தான் கடை. குளோரோஃபார்மை ஓடவிட்டாங்க. பொருட்கள் தண்ணிக்கும் குளோரோஃபார்முக்கும் நடுவே மாறி மாறிப் போய் பிரிஞ்சுது.

1941ல இதை வெளியிட்டாங்க. 1952ல நோபல் பரிசு. அந்தக் கட்டுரையிலயே இன்னொரு விஷயமும் சொல்லியிருந்தாங்க: தூள் எவ்வளவு நைசா இருக்கோ, அதுக்குள்ள எவ்வளவு அழுத்தத்தில் திரவத்தைத் தள்ளறோமோ, பிரிப்பு அவ்வளவு நல்லா இருக்கும்னு. அதைச் செஞ்சு காட்ட உலகத்துக்கு இன்னும் 25 வருஷம் ஆச்சு.

என் பார்வையில் இந்தக் கட்டுரையோட பெரிய பாடம் கணக்கு இல்ல. எலும்பு வேற, தோல் வேறன்னு பிரிச்சுப் பார்த்தது தான். தாங்கி நிக்கறது ஒரு பொருள், வேலை செய்யறது அது மேல இருக்கற படலம். இதை மனசுல வெச்சுக்கங்க, திரும்ப வரும்.

இப்ப ரத்தத்துக்கு வருவோம்.

ஹீமோகுளோபின் ஒரே பொருள்னு தான் ரொம்ப நாள் நினைச்சாங்க. 1949ல லைனஸ் பாலிங் குழு, அரிவாள் செல் நோயாளிகளோட ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேற வேகத்தில் நகருதுன்னு காட்டினாங்க. ஒரு நோய்க்கு ஒரு மூலக்கூறு தான் காரணம்னு முதல் முறையா சொன்ன ஆய்வு அது. சில வருஷத்தில் வெர்னான் இங்க்ராம் காரணத்தையும் கண்டுபிடிச்சார்: பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலா வேலின். எதிர் மின்சுமை ஒண்ணு போச்சு. அவ்வளவு தான் வித்தியாசம். அதுக்கே மனுஷனோட ஆயுளைக் குறைக்கற நோய்.

மின்சுமையில் வித்தியாசம் இருந்தா, மின்சுமையை வெச்சே பிரிக்கலாமே? அதுக்கு அயனிப் பரிமாற்ற ரெசின்கள் இருந்துச்சு. நம்ம வீட்டுத் தண்ணி சாஃப்ட்னர்ல இருக்கற மணிகளோட உறவுக்காரங்க. ஆம்பர்லைட் ஐஆர்சி-50ன்னு ஒரு ரெசின். முழுக்க முழுக்க பாலிமர், அதில் கார்பாக்சில் தொகுதிகள். அதாவது எதிர் மின்சுமையோட நிக்கற கடைகள். நேர் மின்சுமை அதிகமுள்ள ஹீமோகுளோபின் அதிக நேரம் நிக்கும், குறைவா உள்ளது சீக்கிரம் வெளிய வரும்.

1958ல ஆலன், ஷ்ரோடர், பேலாக் மூணு பேரும் சாதாரண ஆளோட ரத்தத்தை இந்த ரெசினில் விட்டுப் பார்த்தாங்க. பெரிய ஏ பட்டைக்கு முன்னாடியே சின்னச் சின்னதா சில பட்டைகள் வெளிய வந்துச்சு. வந்த வரிசையில் ஏ1ஏ, ஏ1பி, ஏ1சின்னு பேர் வெச்சாங்க. புரியுதா? இன்னைக்கு நீங்க லேப்ல காசு கட்டி எடுக்கற டெஸ்ட்டோட பேர், ஒரு குழாயில் இருந்து பொருட்கள் வெளியே வந்த வரிசை நம்பர். அதுல சர்க்கரைங்கற வார்த்தையே இல்ல, ஏன்னா அப்ப சர்க்கரைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தெரியாது.

சம்பந்தத்தைக் கண்டுபிடிச்சவர் சாமுவேல் ராபர். ஈரானின் ஹமதான் நகரில் 1929ல பிறந்த யூதர். தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் வேலை. அசாதாரண ஹீமோகுளோபின் யாருக்காவது இருக்கான்னு நோயாளிகள் ரத்தத்தை வரிசையா சோதிச்சுக்கிட்டு இருந்தார். சிலர்ல வேகமா நகரற ஒரு பட்டை தெரிஞ்சுது. மரபணுக் கோளாறுன்னு நினைக்கலாம். ஆனா அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தார். எல்லாருக்கும் சர்க்கரை நோய். இன்னும் பல சர்க்கரை நோயாளிகளைத் தேடிப் பிடிச்சுப் பார்த்தார், அவங்களுக்கும் அதே பட்டை. 1968ல வெளியிட்டார். கேஸ் ஷீட் படிக்கிற பழக்கத்தை மட்டும் குறைச்சு மதிப்பிடாதீங்கன்னு ஹவுஸ் சர்ஜன்களுக்கு நான் சொல்றப்ப இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அந்தப் பட்டையும் குழாயில் வந்த ஏ1சியும் ஒண்ணு தான்னு அடுத்தடுத்து உறுதியாச்சு. குளுக்கோஸ், பீட்டா சங்கிலியோட முனையில் போய் ஒட்டிக்குது. எந்த என்சைமும் வேண்டாம், தானாவே ஒட்டும். ஒட்டினதும் அந்த முனையோட நேர் மின்சுமை அடங்கிடும். அதனால தான் குழாயில் சீக்கிரம் வெளியே வந்துடுது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு ஹீமோகுளோபின் சர்க்கரை பூசிக்கும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதனால தான் "மூணு மாச" கணக்கு. நேத்து மட்டும் பத்தியம் இருந்துட்டு வந்து டாக்டரை ஏமாத்தற வேலை இங்க நடக்காது.

1971ல ட்ரிவெல்லி, ஹெலன் ரானி, லாய் குழு, பயோ-ரெக்ஸ் 70ங்கற ரெசின் குழாயை வெச்சு, சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் பகுதி ஏறக்குறைய ரெண்டு மடங்கு இருக்குன்னு அளந்து காட்டினாங்க. 1976ல கோனிக், செராமி குழு, சர்க்கரையைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தா ஏ1சி மெதுவா இறங்குதுன்னு காட்டினாங்க. அவங்க வார்டில் சேர்த்துப் பார்த்தது வெறும் அஞ்சு நோயாளிகளை. ஆனா அந்த அஞ்சு பேர் தான் இந்த டெஸ்ட்டை சிகிச்சைக்குள்ள கொண்டுவந்தாங்க.

இங்க தான் சிக்கல்.

அந்த ரெசின் குழாய்கள் மென்மையானவை. முழு மணியும் பாலிமர், தண்ணியில் ஊறி ஜவ்வரிசி மாதிரி உப்பியிருக்கும். அழுத்தி வேகமா திரவத்தை ஓட்டினா நசுங்கி அடைச்சுக்கும். அதனால சொட்டு சொட்டா தான் ஓட்டணும், மணிக்கணக்கா காத்திருக்கணும். ஹீமோகுளோபின் மணிக்குள்ள ஊடுருவிப் போய்த் திரும்பி வரவே நேரம் ஆகும். அறை வெப்பம் கொஞ்சம் மாறினாலும் நம்பர் மாறும். போதாக்குறைக்கு அந்தக் கால பஃபர்களில் சயனைடு வேற கலந்திருப்பாங்க. ஆராய்ச்சிக்கு ஓகே. தினம் இருநூறு பேர் வர்ற ஓபிக்கு?

கடினமான எலும்பு, மெல்லிய தோல். மார்ட்டினும் சின்ஞும் விட்டுட்டுப் போன யோசனை இங்க திரும்ப வருது.

சாபா ஹோர்வாத். ஹங்கேரிக்காரர். 1956 புரட்சி நசுக்கப்பட்டப்ப நாட்டை விட்டு வெளியேறினவர். ஜெர்மனியில் வேலை, ஃபிராங்க்ஃபர்ட்டில் டாக்டர் பட்டம், அப்புறம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். 1967ல லிப்ஸ்கி, பிரைஸ் ரெண்டு பேரோட சேர்ந்து அவர் செஞ்சது: குட்டிக் கண்ணாடி மணிகளை எடுத்து, அது மேல அயனிப் பரிமாற்ற ரெசினை மெல்லிய தோலா வளர்த்தார். சீரக மிட்டாய் தெரியும்ல? உள்ளே சீரகம், மேலே சீனிப் பூச்சு. அதே தான், உள்ளே கண்ணாடி, மேலே பாலிமர். கண்ணாடி நசுங்காது, எவ்வளவு வேணா அழுத்தலாம். பூச்சு மெல்லிசுங்கறதால பொருள் உள்ளே போய் வெளிய வர நேரம் எடுக்காது. டிஎன்ஏ, ஆர்என்ஏவோட துண்டுகளான நியூக்ளியோடைடுகளை வேகமாப் பிரிச்சுக் காட்டினார். நாம் இன்னைக்கு ஹெச்பிஎல்சின்னு சொல்ற தொழில்நுட்பத்தோட ஆரம்பகால மைல்கல் இது.

குறை என்னன்னா, உள்ளே இருக்கற கண்ணாடி வெட்டி இடம். பூச்சு மட்டும் தான் வேலை செய்யும், அதனால கொஞ்சூண்டு பொருளைத்தான் ஏத்த முடியும். 1970களில் 5, 10 மைக்ரான் அளவில், உள்ளே முழுக்க நுண்துளைகள் உள்ள சிலிக்கா துகள்கள் வந்துச்சு. தலைமுடியோட குறுக்களவுல பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஒரு கிராம் தூளுக்குள்ள பல நூறு சதுர மீட்டர் மேற்பரப்பு ஒளிஞ்சிருக்கும். அதாவது ஸ்பூன் அளவு தூளில் ஒரு கல்யாண மண்டபத்தளவு தரை. மாத்திரை, சின்ன மூலக்கூறுகள் எல்லாத்துக்கும் அமர்க்களமா வேலை செஞ்சுது.

புரதத்துக்கு? படுதோல்வி.

சிலிக்காவோட மேற்பரப்பில் சிலனால்னு சொல்லப்படற தொகுதிகள் இருக்கும். புரதத்தைப் பார்த்தா பசை மாதிரி பிடிச்சுக்கும். உள்ளே போட்ட புரதம் பாதி வெளிய வராது, வந்தாலும் உருக்குலைஞ்சு வரும். இன்னொரு பிரச்சினை, காரத்தன்மை கூடி பிஹெச் 8ஐத் தாண்டினா சிலிக்காவே மெல்ல மெல்லக் கரைய ஆரம்பிக்கும்.

இந்த இடத்தில் அடுப்படிக்கு வாங்க. புது இரும்புத் தோசைக்கல் வாங்கினா நேரா மாவை ஊத்துவீங்களா? ஊத்தினா ஒட்டிக்கிட்டு பிய்யும். எண்ணெய் தடவி, சூடு பண்ணி, திரும்பத் தடவி, திரும்ப சூடு பண்ணி, ரெண்டு மூணு நாள் கல்லைப் பழக்குவோம். அப்ப நடக்கறது என்ன? எண்ணெயோட நீளச் சங்கிலிகள் சூட்டில் ஒண்ணோட ஒண்ணு பின்னிப் பிணைஞ்சு, இரும்பு மேல கழுவினாலும் போகாத ஒரு பாலிமர் படலமா மாறுது. பழகின கல்லில் மாவு இரும்பைத் தொடறதே இல்ல, படலத்தைத்தான் தொடுது.

பாலிமர் பூசின சிலிக்காவும் கிட்டத்தட்ட இதே சமையல் தான்.

ஜெர்மனியின் மூல்ஹைம் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷோம்பர்க் குழு 1980களில் இதை ஒரு முறையாவே வளர்த்தெடுத்தாங்க. பாலிமரை ஒரு கரைப்பானில் கரைக்கணும். சிலிக்கா தூளை அதில் போட்டு, துளைகளுக்குள்ள எல்லாம் போய்ச் சேரும்படி ஊறவிடணும். கரைப்பானை மெதுவா ஆவியாக்கணும், அவசரப்பட்டா பாலிமர் ஒரு பக்கம் திட்டுத்திட்டா சேர்ந்துடும். அப்புறம் சங்கிலிகளை இணைக்கும் வேதிப்பொருளோட சூடு பண்ணணும். சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமா கட்டிக்கும். கடைசியில் ஒட்டாததை எல்லாம் கழுவி வெளியேத்தணும்.

கேட்க எளிசு. செஞ்சா தான் கஷ்டம் தெரியும். பூச்சு கொஞ்சம் கனமானா துளை அடைபடும், அத்தனை சதுர மீட்டர் மேற்பரப்பும் வீண். கொஞ்சம் குறைஞ்சா சிலனால் எட்டிப் பார்க்கும், புரதம் அங்க போய் ஒட்டும். ஒரு கணக்கு சொல்றேன். புரதத்துக்குன்னு செய்யற சிலிக்காவில் துளை ஏறக்குறைய 30 நானோமீட்டர். ஹீமோகுளோபினோட அகலம் ஏறக்குறைய 6 நானோமீட்டர். ரெண்டு பக்கச் சுவரிலும் பூச்சு போக, ஹீமோகுளோபின் இடிக்காம போய் வர இடம் வேணும். பூச்சுக்கு மிஞ்சறது சில நானோமீட்டர் தான். அதையும் எல்லா மணிக்கும், எல்லாத் துளைக்கும், இந்த வாரம் செஞ்சது மாதிரியே அடுத்த மாசமும் செய்யணும்.

ஷோம்பர்க் குழு 1987ல பாலிபியூட்டாடையீன்-மலியிக் அமிலப் பாலிமரைப் பூசி ஒரு தூள் செஞ்சாங்க. சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் நாலையும் ஒரே ஓட்டத்தில் பிரிச்சுது. குடிதண்ணி சோதிக்கற ஆய்வகங்களில் அந்த வகைக் குழாய்கள் ரொம்ப நாள் ஓடுச்சு.

புரதத்துக்கான பூச்சு இதுக்கும் கொஞ்சம் முன்னாடியே வந்தாச்சு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் ரெக்னியர், அவரோட மாணவர் ஆண்ட்ரூ ஆல்பர்ட். 1979ல பாலிஎத்திலீன் இமீன்னு ஒரு பாலிமரை சிலிக்கா மேல பூசினாங்க. அந்தப் பாலிமருக்கு நேர் மின்சுமை, சிலிக்காவுக்கு எதிர் மின்சுமை. பசை தேவையில்ல, தானாப் போய் ஒட்டிக்கும். எந்த சிலனால் இத்தனை வருஷமா தொல்லை கொடுத்துச்சோ, அதையே பூச்சைப் பிடிச்சு வெக்கற கொக்கியா மாத்திட்டாங்க. அப்புறம் சங்கிலிகளைக் குறுக்கே கட்டிவிட்டா பூச்சு நகராது. இந்த இழையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

ஆனா அது எதிர் மின்சுமைப் பொருட்களைப் பிடிக்கற தூள். நமக்கு வேண்டியது பழைய ஐஆர்சி-50, பயோ-ரெக்ஸ் 70 மாதிரி கார்பாக்சில் உள்ள மேற்பரப்பு. 1983ல ஆல்பர்ட் அதையும் செஞ்சார். அவர் எடுத்தது அஸ்பார்ட்டிக் அமிலம். நம்ம உடம்புப் புரதத்திலயே இருக்கற சாதாரண அமினோ அமிலம். அதைச் சூடு பண்ணினா தண்ணி வெளியேறி பாலிசக்சினிமைடுன்னு ஒரு வளையங்கள் கோத்த சங்கிலி ஆகும். சிலிக்கா மேல முன்கூட்டியே அமீன் தொகுதிகளை நட்டு வெச்சிருப்பாங்க. சங்கிலியைக் கொண்டுவந்தா, சில வளையங்கள் அங்கங்க திறந்து அமீனோட வேதிப்பிணைப்பு போட்டுக்கும். மீதி வளையங்களைக் காரம் சேர்த்துத் திறந்துவிட்டா, வரிசையா கார்பாக்சில் தொகுதிகள். பாலிஅஸ்பார்ட்டிக் அமிலப் பூச்சு ரெடி. புரதத்தைத் தொடற மேற்பரப்பும் புரதத்தோட சொந்தக்காரங்கறதால ஹீமோகுளோபின் அங்க உருக்குலையறதில்ல.

அதே வருஷமே சிங்-நான் ஊ குழு ஆல்பர்ட்டோட சேர்ந்து இந்தத் தூளில் மனித ஹீமோகுளோபின்களைப் பிரிச்சு வெளியிட்டாங்க. முன்னாடி நாள் கணக்கில், மணிக்கணக்கில் பிரிச்சது, இப்ப நிமிஷக் கணக்கில். ஹீமோகுளோபினுக்குச் சொந்த நிறமே சிவப்பு, 415 நானோமீட்டர் ஒளியைக் காட்டினா போதும், சாயமே வேண்டாம். ஸ்வெட் வெச்ச "நிற எழுத்து"ங்கற பேர் இங்க அட்சரம் பிசகாம பொருந்துது.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். இன்னைக்கு லேப்ல ஓடற எல்லா ஹெச்பிஏ1சி கருவியிலும் பாலிமர் பூசின சிலிக்கா இருக்குன்னு நினைச்சுடாதீங்க. பல கம்பெனிகள் துளையே இல்லாத, நசுங்காத பாலிமர் மணிகளைச் செஞ்சு, அதோட மேற்பரப்பில் மட்டும் மின்சுமையை வெச்சாங்க. வேற வழி, ஆனா அதே தத்துவம்: வேலை தோலில் மட்டும் நடக்கணும். இன்னொரு வேடிக்கை, உலகத்துக்கே அளவுகோலா அமைஞ்சது இந்தப் புதுசுகள் எதுவுமில்ல. 1983லிருந்து 1993 வரைக்கும் 1,441 டைப் 1 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த டிசிசிடி ஆய்வு பழைய பயோ-ரெக்ஸ் 70ஐ வெச்சுத்தான் நம்பரை அளந்துச்சு. சர்க்கரையை இறுக்கமாக் கட்டுப்படுத்தினா கண் விழித்திரை பாதிப்பு புதுசா வர்றது 76% குறையும்னு சொன்ன ஆய்வு அது. அதனால மத்த எல்லாக் கருவியும் அந்தப் பழைய ரெசினோட நம்பருக்கு ஒத்துப்போற மாதிரி சரிபண்ணிக்க வேண்டி வந்துச்சு. அதுக்குன்னே 1996ல என்ஜிஎஸ்பின்னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. லேப் ரிப்போர்ட்டில் கீழே சின்ன எழுத்தில் "என்ஜிஎஸ்பி சான்று பெற்ற முறை"ன்னு இருந்தா, அர்த்தம் இது தான். அடுத்த தடவை ரிப்போர்ட் வாங்கினா தேடிப் பாருங்க.

இப்ப நீலகிரிக்கு வருவோம்.

ஹெர்மன் லேமன், ஜெர்மனியில் பிறந்த யூத மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவரா இந்தியாவில் வேலை பார்த்தவர். அவரும் மேரி கட்புஷும் 1952ல தென்னிந்தியாவில் அரிவாள் செல் கூறு இருக்குன்னு எழுதினாங்க. ரத்தம் எடுத்தது நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம். அதுவரைக்கும் அது ஆப்பிரிக்க வம்சாவளியோட நோய்ங்கற நினைப்பு தான் மருத்துவ உலகத்தில் ஓங்கி இருந்துச்சு. அதே வருஷம் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள்லயும் இருக்குன்னு இன்னொரு குழு எழுதினாங்க.

70 வருஷம் கழிச்சு, 2023 ஜூலையில் அரிவாள் செல் நோயை ஒழிக்க தேசிய இயக்கம் தொடங்கினாங்க. அதில் உறுதி செய்யற பரிசோதனைகளில் ஒண்ணு, ஹெச்பிஎல்சி குழாய். மேலே சொன்ன அதே குழாய்.

அரிவாள் செல் ஹீமோகுளோபினில் எதிர் மின்சுமை குறைவு, அதாவது நேர் மின்சுமை கூட. அதனால கார்பாக்சில் கடையில் ரொம்ப நேரம் நிக்கும். வழக்கமான வரிசை இப்படி: முதல்ல ஏ1சியும் பிறந்த குழந்தைகளுக்கு அதிகமா இருக்கற எஃப்பும், அப்புறம் பெரிய மலை மாதிரி ஏ, அப்புறம் ஏ2, கடைசிப் பக்கம் எஸ். ஏ2 கூடியிருந்தா தலசீமியா கேரியரா இருக்கலாம். எஸ் இடத்தில் ஒரு மேடு நின்னா அரிவாள் செல். ஒரே வரைபடத்தில் சர்க்கரை, தலசீமியா, அரிவாள் செல் மூணுக்கும் துப்பு. எனக்கு இந்த வரைபடத்தைப் பார்த்தாலே ஒரு மரியாதை வரும்.

சில வேளை சர்க்கரைக்குன்னு அனுப்பின ரத்தத்தில், கருவி "தெரியாத மேடு"ன்னு குறிப்புப் போட்டு அனுப்பும். நோயாளிக்கு ஐம்பது வயசு, அன்னை வரைக்கும் தனக்கு அரிவாள் செல் கூறு இருக்கறதே தெரியாது. கூறு மட்டும் இருந்தா அவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. ஆனா அவர் மகளுக்கும், மகள் கட்டிக்கப்போற பையனுக்கும் அதே கூறு இருந்தா, ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு முழு நோயோட குழந்தை பிறக்க. அப்ப அந்த மேடு சர்க்கரை நம்பரை விட முக்கியம் ஆயிடும். அதை "கருவிக் கோளாறு"ன்னு ஒதுக்கிட்டு நம்பரை மட்டும் டைப் அடிச்சுக் கொடுக்கற ரிப்போர்ட்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். வரைபடத்தையும் சேர்த்துக் கொடுங்கன்னு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

நோயாளிகளும் உறவினர்களும் இதையும் தெரிஞ்சுக்கங்க. ஏ1சி என்பது சிவப்பணு நிறைவா 120 நாள் வாழுதுங்கற நம்பிக்கையில் நிக்கற நம்பர். முழு அரிவாள் செல் நோய் இருந்தா சிவப்பணு சீக்கிரம் உடையும், அளக்க வேண்டிய ஏ ஹீமோகுளோபினே இருக்காது. அங்க இந்த டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்ல. ரத்தம் ஏத்தின கொஞ்ச நாளிலும் நம்ப முடியாது. சிவப்பணு உடையற எந்த நோயிலும் நம்பர் பொய்யாக் குறைஞ்சு காட்டும். இரும்புச்சத்துக் குறைவால் வர்ற ரத்தசோகையில் பொய்யாக் கூடிக் காட்டலாம். நம்ம ஊர் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகைன்னு நினைச்சுப் பாருங்க. ஹீமோகுளோபின் 7 கிராம் இருக்கற அம்மாவுக்கு ஏ1சி 6.6 வந்தா, அன்னைக்கே "உங்களுக்கு சுகர்"னு முத்திரை குத்தக்கூடாது. வெறும் வயித்து சர்க்கரை, சாப்பிட்ட பிறகு சர்க்கரை ரெண்டும் பார்க்கணும். ரத்தசோகையைச் சரிபண்ணிட்டுத் திரும்பப் பார்க்கணும். இது தெரியாம வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடறவங்களும் இருக்காங்க.

விரல் நுனி ரத்தத்தில் அஞ்சு நிமிஷத்தில் ஏ1சி சொல்ற குட்டிக் கருவிகள் முகாம்களுக்கு வந்தாச்சு. நல்லது தான். ஆனா அதில் பெரும்பாலும் குழாய் இல்ல, ஆன்டிபாடியோ வேறு வேதிமுறையோ தான். அவை எஸ் மேட்டைக் காட்டாது. சிலவற்றில் எஸ் இருந்தாலே நம்பர் தப்பும். அதனால நீலகிரி, தர்மபுரி, சேலம் மலைப்பகுதி, வால்பாறைப் பக்கம் முகாம் போடற நண்பர்கள், குடும்பத்தில் யாருக்காவது அடிக்கடி எலும்பு வலி, மஞ்சள் காமாலை, ரத்தம் ஏத்தின கதை இருந்தா, ஒரு ரத்த மாதிரியை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஹெச்பிஎல்சிக்கு அனுப்பிடுங்க.

ராபர் கதையை மட்டும் முடிச்சுடறேன். 1979 ஈரான் புரட்சிக்கு அப்புறம் அவர் நாட்டை விட்டுக் கிளம்பி, கலிஃபோர்னியாவில் சிட்டி ஆஃப் ஹோப் மையத்தில் வேலையைத் தொடர்ந்தார். ஏ1சி 6.5% அல்லது அதுக்கு மேல இருந்தா சர்க்கரை நோய்னே முடிவு பண்ணலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2011ல தான் ஏத்துக்கிச்சு. அதுக்கு அடுத்த வருஷம் ராபர் இறந்தார். 83 வயசு. தெஹ்ரானில் அவர் அந்தப் பட்டையைப் பார்த்து 40 வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. ரிப்போர்ட் போட்டோ போடறவங்க பேர், வயசு, ஐடி நம்பரை மறைச்சுட்டுப் போடுங்க. வரைபடம் இருந்தா அதையும் சேர்த்துப் போடுங்க.